பொதுச் சுவர்

உ
மதுரை
8.3.1999

அன்புள்ள சைனப் அக்காவுக்கு,

ஹம்சவேணி எழுதுவது. பகவான் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சிக்கந்தர் அண்ணனுக்குச் சர்க்கரை இறங்கியதா? திருச்சித் தண்ணீர் ஒத்துக்கொண்டதா?

உங்கள் கடையை இடித்துவிட்டார்கள் அக்கா. எப்படிச் சுற்றி வளைத்து எழுதினாலும் கடைசியில் இதைத்தான் எழுத வேண்டும் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். திங்கள்கிழமை ஆரம்பித்தார்கள், வெள்ளிக்கிழமை முடித்துவிட்டார்கள். அண்ணன் பூட்டு விற்ற இடம், நீங்கள் இரண்டு பிள்ளை பெற்று வளர்த்த மாடி எல்லாம் லாரியில் ஏறிப் போயிற்று. தெற்கு மாசி வீதி ஜவுளிக்கடைக்காரர் பின்பக்கமாகவே ஒவ்வொரு வீடாக வாங்கிக்கொண்டு வந்தாரே, இப்போது நம் சந்தைத் தொட்டுவிட்டார். பூமிக்கு அடியில் கார் நிறுத்த ஒரு தளம், மேலே ஆறு மாடி, தானாக ஏறும் படிக்கட்டு எல்லாம் வருகிறதாம்.

நம் சந்தில் இனிக் குடும்பம் இருக்கிற வீடு எங்களுடையது ஒன்றுதான். கோடி வீட்டு நகைப்பட்டறைக்காரர் அவனியாபுரம் பக்கம் போய்விட்டார். எதிர்வீடு லாட்ஜ் ஆகிவிட்டது. கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டால் ஒரு மாடி ஜன்னலிலும் விளக்கு இல்லை. நான் குழம்பு தாளித்தால் வாசம் பிடிக்கக்கூட ஆள் கிடையாது.

நடுச்சுவரை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். உங்கள் பக்கத்துப் பச்சைச் சுண்ணாம்பும் ஷாஹீதா பென்சிலால் கிறுக்கிய பூவும் இப்போது வெட்டவெளியில் எல்லோருக்கும் தெரிகின்றன. எனக்குப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்று. நான் கல்யாணமாகி வந்த புதிதில் காலண்டருக்கு ஆணி அடிக்கப்போய் உங்கள் பக்கத்துக் கண்ணாடி அலமாரி விழுந்து நொறுங்கியதே, அதற்குப் பிறகு இரண்டு வீட்டு ஆண்களும் ஓர் ஏற்பாடு செய்தார்கள் அல்லவா? இந்தச் சுவரில் கை வைக்கிறவர் முதலில் மூன்று முறை தட்ட வேண்டும். அந்தப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிட்டுத் திருப்பித் தட்டினால்தான் ஆணி. இருபத்து மூன்று வருஷத்தில் ஒருநாளும் நாம் தவறியதில்லை. முந்தாநாள் பகலில் இவர் எங்கள் கடையில் பித்தான் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சுவரில் டொக், டொக், டொக். இவர் தலையைக்கூடத் திருப்பாமல், "அடிங்க பாய், ஒண்ணுமில்ல" என்று சொல்லி மூன்று தட்டுத் தட்டினார். அப்புறம்தான் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.

வெளியே போனால் மேஸ்திரி கண்ணுச்சாமி நிற்கிறான். சுவர் கெட்டியா, பொக்கையா என்று கம்பியால் தட்டிப் பார்த்திருக்கிறான். "என்ன சார், உள்ள இருந்தே பர்மிஷன் குடுத்துட்டீங்க! அப்ப கைய வச்சிர்றேன்" என்று சிரித்தான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தோம். இன்று காலை உளியை இறக்கிவிட்டார்கள்.

எங்கள் பின்னறையின் மூன்று உத்தரங்களும் அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கின்றன. மீனலோசனிக்கு வைகாசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். சித்திரைத் திருவிழா முடிந்ததும் வில்லாபுரத்திலிருந்து தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். மாடி ஏற முடியாது, பின்னறையில்தான் படுக்க வேண்டும். அவளைப் போட்டு ஆட்டிய அதே நடு உத்தரத்தில்தான் அவள் பிள்ளைக்கும் தொட்டில். இது பொதுச் சுவர் என்று சொல்லித்தானே விற்றீர்கள்? அண்ணனைக் கேட்டு எழுதுங்கள். போனில் கேட்கலாம்தான். போன் கடை மேஜையில் இருக்கிறது. நான் பயப்படுவது தெரிந்தால் இவரும் பயந்துவிடுவார்.

உங்கள் தங்கை,
ஹம்சவேணி


786
பாலக்கரை, திருச்சி
19.3.1999

அன்புத் தங்கை வேணிக்கு,

அக்கா சைனப்பின் சலாம். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் இங்கே சுகம். பத்ரி அண்ணனும் நீயும் நல்லபடியாக இருக்க துஆ செய்கிறேன்.

கடிதம் கிடைத்தது. கடை போன சேதியை மகன் யாசீனிடம் மட்டும் சொன்னேன். அவனுடைய சைக்கிள் கடை பரவாயில்லை. ஷாஹீதா ஆபரேஷனுக்குப் பிறகு நன்றாகத் தேறிவிட்டாள். இப்போது மாடிப்படி ஏறினாலும் மூச்சு வாங்குவதில்லை. உன்னை அடிக்கடி விசாரிக்கிறாள். இங்கே மீன் மலிவு. ஆனால் நம் விளக்குத்தூண் பக்கம் கிடைக்கிற மாதிரி பன் எங்குமே கிடைக்கவில்லை. என் முழங்கால் அப்படியேதான்.

சுவரைப் பற்றி எழுதியிருந்தாய். கடைப் பேச்சை எடுத்தாலே உன் அண்ணன் இவர்களுக்குப் படபடப்பு வருகிறது. அதனால் கேட்கவில்லை. நீ வீணாகப் பயப்படாதே. பெரிய முதலாளிகள், இஞ்சினீயர் வைத்துத்தானே செய்வார்கள்.

பிரசவத்துக்கு மட்டும் கோச்சடையில் உன் தம்பி சாய்குமார் வீட்டை யோசித்துப் பார்க்கலாமே. ஆற்றுக் காற்று வரும். நம் சந்தில் தூசியாக இருக்குமே என்று சொல்கிறேன், வேறொன்றுமில்லை.

மீனாவுக்கு என் முத்தம்.

சைனப்


உ
மதுரை
5.4.1999

அன்புள்ள அக்காவுக்கு,

ஹம்சவேணி. நலமாக இருக்கிறோம் என்று எழுதுவதுதான் மரியாதை, எழுதிவிட்டேன். உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மீன், பன், முழங்கால் எல்லாம் இருந்தது. நான் கேட்டது மட்டும் இல்லை.

இப்போது பள்ளம் தோண்டுகிறார்கள். மாசி வீதிப் பக்கமிருந்து பொக்லைன் வந்து, நம் சுவரை ஒட்டிப் பதினைந்து அடி இறங்கியாகிவிட்டது. அடியில் தண்ணீர் ஊறுவதால் நாள் முழுதும் மோட்டார் ஓடுகிறது. வாசல் நடையில் நின்று எட்டிப் பார்த்தால் அஸ்திவாரம் வரை தெரிகிறது. நம் வீடெல்லாம் எம்புட்டு ஆழத்தில் காலை ஊன்றி நிற்கிறது தெரியுமா? இடுப்பளவுதான் அக்கா. இத்தனை காலம் அதன்மேல் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம்.

நடு உத்தரத்துக்குக் கீழே முடி கனத்தில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. சாய்குமாருக்குத் தெரிந்த இஞ்சினீயர் ஒரு வழி சொன்னார். விரிசலுக்குக் குறுக்கே காகிதத்தை ஒட்டித் தேதி எழுதி வைக்க வேண்டும். சுவர் அசைந்தால் காகிதம் கிழியும். மைதாப் பசை காய்ச்சி, கடை பில் புத்தகத் தாளைக் கிழித்து ஒட்டினேன். முதல் காகிதம் ஆறு நாள் இருந்தது. இரண்டாவது மூன்று நாள். இன்று காலையில் ஒட்டியது, மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவ வரும்போது கிழிந்திருந்தது. இவர் பார்ப்பதற்குள் வேறு ஒட்டிவிட்டேன். ஆனால் இவரும் எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். நேற்று நான் தேதி எழுத மறந்த காகிதத்தில் இவர் கையெழுத்தில் தேதி இருந்தது.

கண்ணுச்சாமியிடம் சண்டைக்குப் போனேன். "என்னம்மா சும்மா பொதுச் சுவரு பொதுச் சுவருங்கிறீங்க. பத்திரத்துல நாலு பக்கமும் சொந்தச் சுவருன்னு போட்டிருக்காம்ல. எங்க சுவத்துல ஒங்க உத்தரம் வந்து உக்காந்திருந்தா அது யாரு தப்பு? ரெண்டு மாசத்துல இத இறக்கியாகணும். அதுக்குள்ள ஒங்க பக்கம் முட்டுக் குடுத்துக்கங்க" என்கிறான். எவனோ பத்திரத்தைத் தப்பாகப் படித்துச் சொல்லியிருப்பான். முட்டுக் கொடுக்க வந்த கொத்தனார்கூட, "அந்தப் பக்கம் தோண்டுறத நிப்பாட்டாம இங்க கைய வச்சா, மொதல்ல எங்க தலையிலதான் விழுகும்" என்று போய்விட்டார்.

நீங்கள் எனக்கு ஒரே ஒரு வரி எழுதினால் போதும். இது இரண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர் என்று அண்ணன் கையெழுத்துப் போட்டு ஒரு வரி. அதை மாநகராட்சி ஆபீஸில் நீட்டினால் வேலையை நிறுத்திவிடுவார்கள். பயமாக இருக்கிறது அக்கா. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

உங்கள்,
வேணி


மதுரை
4.5.1999

அக்கா,

கார்டில்தான் எழுதுகிறேன், தபால்காரர் படித்தாலும் படித்துக்கொள்ளட்டும். ஒரு மாதமாகிறது, பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? அழகர் ஆற்றில் இறங்கி நாலு நாளாகிறது. திருவிழாவுக்கு வேலையாட்களெல்லாம் ஊருக்குப் போய்விட்டதால் சந்து கப்சிப் என்று இருந்தது. அந்தச் சத்தமில்லாத நேரத்தில்தான் சுவருக்குள் மண் சரிகிற சத்தம் கேட்டது. மோட்டார் ஓடும்போதே தேவலாம் என்றாகிவிட்டது.

மீனா வந்துவிட்டாள். பின்னறையில் படுத்துக்கொண்டு காகிதங்களைப் பார்த்து, "இது என்னம்மா, சுவத்துக்கு பிளாஸ்திரி ஒட்டியிருக்க?" என்று சிரிக்கிறாள். வெள்ளையடிக்கப் பார்த்து வைத்த அடையாளம் என்று பொய் சொன்னேன். உண்மையைச் சொன்னால் சம்பந்தி வீட்டுக்குப் போகும். மகளைப் பிரசவத்துக்கு அழைக்க நல்ல வீடுகூட இல்லாதவர்கள் என்று பேச்சு வரும்.

திருச்சி மூன்று மணி நேரப் பஸ்தான். நேரில் வாருங்கள்.

வேணி


786
திருச்சி
11.5.1999

அன்பு வேணிக்கு,

சலாம். எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். யாசீனுக்குக் காய்ச்சல், அதனால் எழுத முடியவில்லை. மன்னித்துக்கொள். இப்போதைக்குப் பயணம் செய்ய முழங்கால் விடாது.

மீனா வந்தது சந்தோஷம். அவளுக்குப் பேரீச்சம்பழம் கொடு. ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. தொட்டிலைப் பின்னறையில் கட்டாதே. அவளையும் அங்கே படுக்க வைக்காதே. கடைப்பக்கம் ஒரு பாய் போட்டுக்கொடு, காற்று வரும்.

வேறு விசேஷமில்லை.

சைனப்


மதுரை
20.5.1999

சைனப் அக்காவுக்கு,

நலம் விசாரிக்க இன்று மனசு வரவில்லை. ஆனாலும் கேட்காமல் எழுதிப் பழக்கமில்லை. நலமா?

தொட்டிலைப் பின்னறையில் கட்டாதே என்று நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தூசி என்றீர்கள், சரி. காற்று என்றீர்கள், அதுவும் சரி. ஆனால் அந்தச் சுவர் நிற்காது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இங்கே உட்கார்ந்து தினம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கே தெரியாதபோது?

அதனால் இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு பத்திர ஆபீஸுக்குப் போனார். நாலு நாள் அலைந்து நகல் வாங்கி வந்தார். நேற்று சாயங்காலம் கடை மேஜையில் விரித்து வைத்துப் படித்தோம். கண்ணுச்சாமி பொய் சொல்லவில்லை. "நான்கு பக்கமும் சொந்தச் சுவர் உள்பட" என்று பளிச்சென்று இருக்கிறது. கீழே சிக்கந்தர் அண்ணன் கையெழுத்து. அதற்கும் கீழே சாட்சிக் கையெழுத்து இரண்டு. ஒன்று எவனோ எழுத்தர். இன்னொன்று, சைனப் பீவி.

அந்த "ன"வை எனக்குத் தெரியாதா அக்கா? சுழியை ஒன்று கூடவே போடுவீர்கள். மத்தியான வேளைகளில் அடுப்படிப் படியில் உட்கார்ந்து, உங்களுக்குத் தமிழ் எழுதப் பழக்கியதே நான்தான். "அம்மா வீட்டுக்கு நானே லெட்டர் எழுதணும் வேணி, எம்புட்டு நாளைக்கு அடுத்தவங்க கையில எழுதுறது" என்று கேட்டீர்கள். நான் சொல்லிக்கொடுத்த எழுத்தை இதற்கா போட்டீர்கள்?

இவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. "பாய் படிக்காம போட்டிருப்பாரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "படிச்சுப் பாத்திருக்க மாட்டாரு" என்றார். தன்னைத் தானே சமாதானம் செய்துகொள்கிறார். நகலை எடுத்துக்கொண்டு இன்று காலை மாநகராட்சிக்கும் போனோம். "பத்திரம் அவங்களுக்குத்தான பேசுது? வித்தவரு வந்து வேற மாதிரி சொன்னா பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

நேற்று கோடை மழை. பள்ளத்தில் தண்ணீர் நிரம்பிவிட்டது. விரிசலுக்குள் இப்போது என் சுண்டுவிரல் போகிறது. மீனாவைக் கடைப்பக்கம் படுக்கச் சொன்னால், போகிற வருகிறவர் பார்ப்பார்கள் என்று மாட்டேன் என்கிறாள். அவள் தூங்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஹம்சவேணி


786
திருச்சி
28.5.1999

வேணி,

உன் கடிதம் வந்த அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். முன்பு நீ எழுதிய இரண்டுக்கும்கூட இப்படித்தான். யாசீனுக்குக் காய்ச்சல் என்றதும் பொய். இனிமேல் பொய் எழுத என்னால் ஆகாது.

படிக்காமல் போடவில்லை. பத்ரி அண்ணனிடம் அதைச் சொல்லிவிடு. எழுத்தர் வாசித்துக் காட்டினார். அந்த இடம் வந்ததும் இவர்கள், "நடுச்சுவர் பொதுவாச்சே" என்று சொன்னார்கள். அதை நான் காதால் கேட்டேன். வாங்குகிறவரின் மேனேஜர், "பொதுச் சுவருன்னா எங்களுக்கு எடம் வேணாம் பாய். அடித்தளம் போட முடியாது. வேற எடம் பாத்துக்கிறோம்" என்று எழுந்துவிட்டார். ஷாஹீதாவின் இதயத்தில் வால்வு மாற்ற டாக்டர் ஒரு மாதம்தான் கெடு வைத்திருந்தார். உனக்குத் தெரியுமே, அவள் உதடு நீலமாகிக் கிடந்ததை நீதானே முதலில் பார்த்துச் சொன்னாய். இவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான்தான் "போடுங்க" என்றேன். பேனா பிடித்த இவர்கள் கை நடுங்கியது. என் கை நடுங்கவில்லை.

சுவர் நின்றால் போதும், காகிதத்தில் என்ன எழுதினால் என்ன என்று நினைத்தேன். இரண்டு வீட்டுப் பாரமும் தாங்குகிற சுவரை எவனாவது இடிப்பானா என்று நினைத்தேன். வீட்டைக் காலி செய்த அன்று உன்னைக் கட்டிப்பிடித்து அழுதேனே, பிரிவுக்காக மட்டும் அழவில்லை. அதற்கு முந்தைய இரவு மூன்று முறை தட்டி உன்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று சுவர் பக்கம் கையைக் கொண்டு போனேன். தட்டவில்லை.

இப்போது உண்மையைச் சொன்னால் பொய்ப் பத்திரம் எழுதியதற்கு இவர்களைப் பிடித்து உள்ளே வைப்பார்களாம். யாரிடமோ விசாரித்து வைத்திருக்கிறார்கள். "எழுதாத சைனபு, ஒரு வரி எழுதுனாலும் அது சாட்சி" என்று சொல்லியிருக்கிறார்கள். வாசலில் சைக்கிள் மணி அடித்தாலும் இவர்கள் எழுந்து உள்ளே போகிறார்கள். ஐம்பத்தெட்டு வயசு. சர்க்கரை ஊசி போடாமல் ஒருநாள் தாங்காது. நானும் பயந்துதான் இருந்தேன். என் பயத்துக்காக உன் பிள்ளையை அந்த உத்தரத்துக்குக் கீழே படுக்கவிட்டேன்.

இதோ எழுதிவிட்டேன். அது பொதுச் சுவர். இரண்டு வீட்டாரும் சேர்ந்து கட்டியது. எங்களுக்குத் தெரிந்தே பொய்யாக எழுதிக்கொடுத்தோம். இந்தக் காகிதத்தை நீ என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள். ஆனால் இன்றே மீனாவை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போ.

சைனப்


உ
மதுரை
4.6.1999

அக்கா,

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மீனாவுக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ இருக்கிறது. தாயும் பிள்ளையும் சுகம்.

இனி மற்றது. சனிக்கிழமை மத்தியானம் வலி எடுத்து ஆட்டோவில் கூட்டிப் போனோம். மாற்றுப் புடவை எடுக்க நான் சாயங்காலம் திரும்பி வந்தேன். பின்னறைக் கதவு திறக்கவில்லை, தள்ளிப் பார்த்தேன். நடு உத்தரத்தைச் சுற்றியிருந்த காரை மொத்தமும் பெயர்ந்து, மீனாவின் பாய்மேல் கிடந்தது. தலையணை இருந்த இடத்தில் இரண்டு செங்கல். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை. என் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது, அதை நிறுத்த முடியவில்லை.

பிள்ளையையும் மீனாவையும் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கோச்சடைக்கு அனுப்பிவிட்டேன். சம்பந்தி வீட்டில் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். இவர்தான் வர மறுக்கிறார். "நாம வெளியேறுனா ஆளில்லாத வீடு, ஆபத்தான கட்டடம்னு நோட்டீஸ ஒட்டி இடிச்சுருவான். அம்புட்டுதான், முடிஞ்சது. நா இங்கயே இருக்கேன். நீ போ" என்கிறார். கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தெருவுக்கு ஓட வசதியாகத்தான் உட்கார்ந்திருக்கிறாராம், வேடிக்கை பேசுகிறார். நான் காலையில் கோச்சடைக்கும் மாலையில் இங்கேயுமாகப் பஸ்ஸில் அலைகிறேன். திரும்பி வரும்போதெல்லாம் சந்து முனையில் கண்ணை மூடிக்கொண்டு, பிறகுதான் திறந்து பார்க்கிறேன். ஸ்டூலில் இவர் இருந்தால்தான் அடுத்த மூச்சு.

உங்கள் கடிதம் பிள்ளை பிறந்த மறுநாள் வந்தது. இவரிடம் காட்டவில்லை. தையல் மெஷின் டிராயரில் பாபின்களுக்கு அடியில் இருக்கிறது. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எங்கள் சுவர் நிற்கும், அண்ணன் உள்ளே போவார். கொடுக்காவிட்டால் இவர் தலைமேல் வீடு விழும். தினமும் டிராயரைத் திறந்து மூடுகிறேன். உங்களைத் திட்டவும் முடியவில்லை. ஷாஹீதாவுக்குப் பதில் மீனா கிடந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தால், பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

கண்ணுச்சாமி பதினான்காம் தேதி சுவரை இறக்கப் போவதாகச் சொல்லிவிட்டான். அதற்குமேல் என்னால் டிராயரை மூடி வைக்க முடியாது. சொல்லாமல் செய்யக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

வேணி


786
திருச்சி
8.6.1999

வேணி,

குழந்தைக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும்.

உன் கடிதத்தை இவர்களிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு செங்கல் என்ற இடத்தில் போதும் என்று கையைக் காட்டினார்கள். நான் நிறுத்தவில்லை, முழுவதும் வாசித்தேன். நீங்கள் போகாவிட்டால் நான் தனியாகப் போவேன் என்றும் சொன்னேன். கொடியில் காய்ந்த சட்டையை எடுத்தார்கள். ஊசி மருந்தைப் பையில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் அங்கே வந்திருப்பார்கள்.

நான் வரவில்லை. எந்த முகத்தோடு வருவது?

சைனப்


786
திருச்சி
17.9.1999

அன்பு வேணிக்கு,

சலாம். மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. மதுரைக் கோர்ட்டு வாய்தாவுக்குப் போய் வரும்போது இவர்கள் சொல்வதுதான் எனக்குச் சேதி. கேட்க எனக்கு உரிமையில்லை. இருந்தாலும் கேட்கிறேன். தொட்டில் கட்டினீர்களா?

சைனப்


உ
மதுரை
14.11.1999

அன்புள்ள சைனப் அக்காவுக்கு,

ஹம்சவேணி எழுதுவது. நாங்கள் சுகமாக, சுவர் சகிதமாக இருக்கிறோம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

ஐந்து மாதம் நான் எழுதவில்லை. என்னை ஒரு மாதம் காக்க வைத்ததற்கு வட்டியும் முதலுமாக என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபம் இருந்தது, இருக்கிறது. மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தால் பேனா நகர மாட்டேன் என்கிறது. அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அன்று அண்ணன் வந்து வெகுநேரம் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் ஸ்டூலை விட்டு எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார். "பத்ரி, நா படிச்சுட்டுத்தான் போட்டேன்" என்றார் அண்ணன். இவர், "தெரியும் பாய், வேணி இப்பத்தான் லெட்டரக் காட்டுனா. சாப்ட்டீங்களா?" என்றார். இரண்டு பேரும் ஒரே ரிக்‌ஷாவில் மாநகராட்சிக்குப் போனார்கள். அண்ணன் எழுதிக் கொடுத்த மறுநாளே வேலையை நிறுத்திவிட்டார்கள். ஜவுளிக்கடைக்காரர் விடுவாரா? புகார் கொடுத்தார். அண்ணனைச் சாயங்காலம் வரை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். ஜாமீன் கையெழுத்துப் போட்டது யார் என்று அண்ணன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். இவர்தான் போட்டார். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். எனக்குக் கை நடுங்கியது.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் அண்ணன் வந்து கடை வாசலோடு நின்றுவிடுகிறார். உள்ளே வருவதில்லை. இவர் டீயை வாங்கிக்கொண்டு வெளியே போகிறார். நின்றபடியே குடித்துவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறார். வழக்கு எப்படிப் போகுமோ தெரியவில்லை.

மூன்று உத்தரங்களுக்கும் அடியில் தூண் எழுப்பிக் கொடுத்த பிறகுதான் ஜவுளிக்கடை ஆட்கள் மறுபடி வேலையைத் தொடங்கினார்கள். கடைசியாக நான் ஒட்டிய காகிதம் ஐம்பத்திரண்டு நாளாகக் கிழியவில்லை. பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். அரிசி புடைக்கும்போது தவிடு மேலே விழுந்தால்கூட நிமிர்ந்து பார்க்கிறேன். லாரி போனால் இவர் எழுந்து நிற்கிறார். எதிர் லாட்ஜையும் யாரோ விலைக்குக் கேட்கிறார்களாம்.

நேற்று மீனாவும் குழந்தையும் வந்தார்கள். அடுத்த வாரம் வில்லாபுரத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். அதற்குமுன் ஒருநாளாவது இந்த வீட்டில் தொட்டிலில் போட வேண்டும் என்று மீனாவே கேட்டாள். நடு உத்தரத்துக் கொக்கி திடமாகத்தான் இருக்கிறது. ஆட்டுகிற கயிற்றைக் கட்டச் சுவரில் ஓர் ஆணி வேண்டும். பழைய ஆணி காரையோடு போய்விட்டதே. இவர் ஆணியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போனார். ஆணியை வைத்தார். அடிக்கவில்லை. சுத்தியல் பிடியைத் திருப்பி டொக், டொக், டொக் என்று தட்டிவிட்டு நின்றார்.

அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்? கம்பியும் மணலும்தான். குழந்தைகூடச் சுவரையே பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து இவர் ஆணியை ஜன்னலில் வைத்துவிட்டார். "கேக்காம எப்படி அடிக்கிறது?" என்றார். அம்புட்டுதான், கடைக்குப் போய்விட்டார். தொட்டிலைக் கயிறு இல்லாமல் கையால் ஆட்டினோம்.

அந்தப் பக்கம் தரைத்தளம் போட்டாகிவிட்டது அக்கா. நிற்க இடம் இருக்கிறது. கண்ணுச்சாமியிடம் சொல்லிவிட்டேன், உங்களை விடுவான். வியாழக்கிழமை வரை குழந்தை இங்கே இருக்கும். வந்தால் கட்டாயம் சண்டை போடுவேன், அதற்குத் தயாராக வாருங்கள். முதலில் அந்தப் பக்கம் நின்று தட்டுங்கள். ஆணி ஜன்னலிலேயே இருக்கிறது.

உங்கள் தங்கை,
வேணி